மெக்கன்சி என்ற பெயர் எங்கிருந்து வந்தது, எப்படிப் பரவியது?

தமிழக வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்கு மெக்கன்சி என்ற பெயர் நன்றாகவே பழக்கம். ஊர் ஊராக ஆள் அனுப்பி ஏட்டுச் சுவடிகளையும் கைபீது எனப்படும் ஊர் வரலாற்றுக் குறிப்புகளையும் கல்வெட்டுப் படிகளையும் திரட்டிய காலின் மெக்கன்சியின் பெயர் அது. உலக வரைபடத்தைப் பார்த்தால் கனடாவில் மெக்கன்சி ஆறு ஓடுகிறது. நியூசிலாந்தின் தென்தீவில் மெக்கன்சி நாடு என்று ஒரு வட்டாரம் இருக்கிறது. கனடாவின் இரண்டாவது பிரதமரும் ஒரு மெக்கன்சிதான்.

இவர்கள் எல்லோரும் ஒரே வம்சமா? ஆமாம் என்றுதான் பலர் சட்டென்று சொல்வார்கள். ஸ்காட்லாந்துப் பெயர் என்றாலே ஒரு குலம், குலத்துக்கு ஒரு மூதாதை, ஒரு கோட்டை, கட்டம் போட்ட ஒரு துணி என்று ஒரு படம் நம் மனதில் பதிந்துவிட்டது. சுற்றுலாக் கடைகளும் அந்தப் படத்தைத்தான் விற்கின்றன. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பெரும்பகுதி பிற்காலத்தில் சேர்ந்தது. ஒரு குடும்பப் பெயர் உண்மையில் எப்படி உருவாகிறது, எந்தெந்த வழிகளில் பரவுகிறது என்பதை இந்த ஒரே பெயரை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

நம் இன்ஷியலிலிருந்து தொடங்குவோம்

முருகேசனின் மகன் மு. கந்தசாமி. கந்தசாமியின் மகன் க. செல்வம். செல்வத்தின் மகள் செ. மலர்விழி. தலைமுறைக்குத் தலைமுறை முன்னெழுத்து மாறிக்கொண்டே போகிறது. முருகேசனின் பெயர் பேத்தியிடம் வரும்போது மறைந்தே போய்விடுகிறது. அப்பா பெயரை அடையாளமாகச் சேர்த்துக்கொள்ளும் இந்த முறைக்குத் தந்தைவழிப் பெயர் என்று பெயர்.

செல்வம் கனடாவில் போய்க் குடியேறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே விண்ணப்பப் படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம். அதில் அப்பா பெயரைப் போடுகிறார். அதன்பின் அவர் பிள்ளைகளும் கந்தசாமி, பேரப்பிள்ளைகளும் கந்தசாமி. நகர்ந்துகொண்டிருந்த பெயர் ஒரு தலைமுறையில் அப்படியே உறைந்துவிட்டது. நூறு வருடம் கழித்து டொரான்டோவில் இருக்கும் கந்தசாமிகள் எல்லோரும் ஒரே குடும்பம் என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? கந்தசாமி என்று பெயர் வைத்த அப்பாக்கள் எத்தனையோ பேர்.

மெக்கன்சி என்ற பெயரின் தொடக்கமும் இதேதான்.

மக் என்றால் மகன்

ஸ்காட்லாந்தின் வடமேற்கு மலைநாட்டிலும் தீவுகளிலும் பேசப்பட்ட மொழி கேலிக். அதில் 'மக்' என்றால் மகன். கொஞ்ஞக் என்பது ஓர் ஆண்பெயர். ஆங்கிலத்தில் அதைக் கென்னத் என்று எழுதுகிறார்கள். கொஞ்ஞக்கின் மகன் 'மக் கொஞ்ஞிக்'. அதுதான் மெக்கன்சி. பெண்ணாக இருந்தால் மக் வராது, மகள் என்ற பொருளில் 'நிக்' வரும். கேலிக் பேசும் ஊர்களில் இன்றும் அண்ணன் மக் கொஞ்ஞிக், தங்கை நிக் கொஞ்ஞிக். ஆங்கிலப் பதிவேட்டில் மட்டும் இருவரும் மெக்கன்சி.

கென்னத் அந்தப் பக்கத்தில் நிறையப் பேர் வைத்துக்கொண்ட பெயர். எனவே 14-ஆம் நூற்றாண்டில் ஒருவரைக் 'கொஞ்ஞக்கின் மகன்' என்று குறிப்பிட்டிருந்தால், அவர் அப்பா பெயர் அது என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. அவர் மகன் வேறொரு 'மக்' ஆகியிருப்பார். மலைநாட்டில் சாதாரணக் குடும்பங்களின் பெயர் நிலையாக உறைந்தது வெகு பிற்காலத்தில். நிலவாடகைக் கணக்கு, தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு, படைப்பட்டியல் என்று காகிதங்கள் வந்து ஒரே பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் பெயர் நின்றது. 18-ஆம் நூற்றாண்டிலும் பல இடங்களில் பழைய முறையும் புதிய முறையும் கலந்தே ஓடின.

ஆங்கில எழுத்தில் நடுவே அந்த இசட் எப்படி வந்தது?

கொஞ்ஞிக் என்பதில் வருவது ஏறக்குறைய நம் 'ஞ' ஒலிதான். ஆங்கிலத்துக்கு இந்த ஒலிக்கென்று தனி எழுத்து கிடையாது. ஆனால் அந்தக் கால ஸ்காட்லாந்து எழுத்தர்களிடம் 'யோக்' என்று ஓர் எழுத்து இருந்தது. பார்க்க 3 போல, கீழே வால் நீண்டு இருக்கும்; 'ய' போன்ற ஒலிக்கு அதைப் போடுவார்கள். மெக்கன்சியை அவர்கள் அந்த யோக் போட்டுத்தான் எழுதினார்கள்.

எடின்பரோவில் 1508-இல் நூல்கள் அச்சாகத் தொடங்கின. அச்சு எழுத்துகள் ஐரோப்பாக் கண்டத்திலிருந்து வந்தவை. அவற்றில் யோக் இல்லை. அச்சுக் கோப்பவர்கள் உருவத்தில் நெருக்கமாக இருந்த இசட் எழுத்தை எடுத்துப் போட்டார்கள். வாய் கொஞ்ச காலம் பழைய ஒலியையே சொன்னது. 17-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் அரசுத் தலைமை வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் மெக்கன்சியின் பெயரை அக்காலத்தில் 'மெக்கிங்கி' என்றுதான் சொன்னார்கள். பிறகு எழுத்து வாயை வென்றுவிட்டது. மென்சிஸ் என்று எழுதப்படும் இன்னொரு ஸ்காட்லாந்துப் பெயருக்கு 'மிங்கிஸ்' என்ற பழைய உச்சரிப்பு இன்றும் உயிரோடு இருக்கிறது.

இங்கேயே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். மக் என்று முழுதாக எழுதினால் ஸ்காட்லாந்து, சுருக்கி எழுதினால் அயர்லாந்து என்று ஒரு நம்பிக்கை பரவலாக உண்டு. அது தவறு. சுருக்கம் எழுத்தரின் கைப்பழக்கம், அவ்வளவுதான். ஒரே ஆளின் திருமணப் பதிவில் ஒரு மாதிரியும் இறப்புப் பதிவில் இன்னொரு மாதிரியும் இருப்பது சகஜம்.

சரி, இதுவரை: மெக்கன்சி என்றால் 'கென்னத்தின் மகன்'. எந்தக் கென்னத் என்பதைப் பெயர் சொல்லாது. எழுத்து வடிவம் அச்சகத்தின் வசதியால் வந்தது.

தலைவர் குடும்பமும் அது சொல்லிக்கொண்ட கதையும்

இப்படிப் பல கென்னத்துகள் இருந்தாலும், ஒரு மெக்கன்சிக் குடும்பம் மட்டும் பெரிதாக வளர்ந்தது. ஸ்கை தீவுக்கு எதிரே, ராஸ் பகுதியின் மேற்குக் கரையில் உள்ள கின்டேல் அவர்கள் இடம். மூன்று கடற்கழிகள் சந்திக்கும் இடத்தில் ஒரு சின்னத் தீவில் நிற்கும் ஐலன் டோனன் கோட்டை அவர்களுடையது. நாட்காட்டிப் படங்களிலும் திரைப்படங்களிலும் அதைப் பார்த்திருப்பீர்கள்.

இந்தக் குடும்பத்தின் மூலவர் அயர்லாந்திலிருந்து வந்த காலின் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்று வெகுகாலம் நம்பப்பட்டது. 1263-இல் லார்க்ஸ் என்ற இடத்தில் நார்வே நாட்டவரோடு நடந்த போரில் அவர் மன்னருக்குத் துணை நின்றாராம். 1266-இல் மன்னர் கின்டேலை அவருக்குச் சாசனம் எழுதிக் கொடுத்தாராம். வேட்டையில் மன்னர்மேல் பாய்ந்த கலைமானிடமிருந்து அவரைக் காப்பாற்றினார் என்றும் ஒரு கதை உண்டு. மெக்கன்சிச் சின்னத்தில் மான் கொம்பு இருப்பதற்கு அதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். 1786-இல் அப்போதைய தலைவர் பிரான்சிஸ் ஹம்பர்ஸ்டன் மெக்கன்சி, பெஞ்சமின் வெஸ்ட் என்ற ஓவியரை வைத்து இந்தக் காட்சியை வரையச் செய்தார். சுமார் 12 அடி உயரம், 17 அடி அகலம். எடின்பரோவின் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது.

ஓவியம் பிரமாதம், ஆனால் சாசனம் போலி என்பதே இன்று வரலாற்றாசிரியர்கள் முடிவு. 17-ஆம் நூற்றாண்டில் இந்தக் கதையை எழுதிப் பரப்பியதில் அதே குடும்பத்தைச் சேர்ந்த குரோமார்ட்டி பிரபுவுக்குப் பெரிய பங்கு உண்டு. உயர்குடி அயர்லாந்து மூதாதை இருந்தால் அரசவையில் மதிப்பு. அதற்கு முன்பே, 1467-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கேலிக் கையெழுத்துச் சுவடி வேறு வம்சாவளி சொல்கிறது. அதன்படி மெக்கன்சிகள் உள்ளூர்க்காரர்கள். கில்லியோன் என்பவரின் வழி வந்தவர்கள், பக்கத்து மாதசன் குடும்பத்தோடு பங்காளிகள். எனக்கு இந்தச் சுவடியின் பேச்சுதான் நம்பத் தகுந்ததாகப் படுகிறது. ஆவணங்களில் உறுதியாகக் கால் ஊன்றி நிற்கும் முதல் பெரிய தலைவர் 1488-இல் இறந்த அலெக்சாண்டர் மெக்கன்சி.

ஊரே ஒரு பெயராவது எப்படி?

அதன்பிறகு வளர்ச்சி வேகமானது. தீவுகளின் அதிபதிகளாக இருந்த மெக்டொனால்டுகள் 1493-இல் பதவியை இழந்தார்கள். அந்த வெற்றிடத்தில் மெக்கன்சிகள் அரசரோடு ஒட்டி நின்று நிலம் சேர்த்தார்கள். 1610-இல் லூயிஸ் தீவின் உரிமையை வாங்கினார்கள். 1623-இல் தலைவருக்கு சீஃபோர்த் பிரபு என்ற பட்டம் கிடைத்தது. கிழக்குக் கடலோரத்திலிருந்து மேற்குத் தீவுகள் வரை அவர்கள் கை நீண்டது.

நிலம் பெருகினால் பெயரும் பெருகும். அதைப் புரிந்துகொள்ள 'கிளான்' என்ற சொல் வேண்டும். கேலிக்கில் அதற்குப் பிள்ளைகள் என்று பொருள். நடைமுறையில் அது ஒரு தலைவரின் பாதுகாப்பில் வாழ்ந்து, அவருக்கு வாரம் கொடுத்து, கூப்பிட்டால் ஆயுதத்தோடு வந்து நின்ற மக்கள் கூட்டம். தலைவரின் தம்பிகள், சித்தப்பா பிள்ளைகள் பெரிய பெரிய நிலங்களைக் குத்தகைக்கு எடுத்துக் குடியானவர்களுக்குப் பிரித்து விடுவார்கள். லூயிஸ் தீவு கைக்கு வந்ததும் இப்படிப்பட்ட மெக்கன்சிகள் கடல் கடந்து அங்கே குடியேறினார்கள். கூடவே வந்த ஆட்களும், பாதுகாப்புத் தேடி அண்டியவர்களும் காலப்போக்கில் தலைவர் பெயரையே சொல்லத் தொடங்கினார்கள். 1587-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, தன் ஆட்கள் செய்யும் குற்றத்துக்குத் தலைவரும் நிலக்காரருமே பொறுப்பு என்று ஆக்கியிருந்தது. நீ யாருடைய ஆள் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு பெயர் அவசியமாயிற்று.

எல்லோரும் மாற்றிக்கொள்ளவில்லை என்பதும் உண்மை. கின்டேலில் மெக்ரே என்ற குடும்பத்தார் இருந்தார்கள். ஐலன் டோனன் கோட்டையைப் பலமுறை காத்தவர்கள் அவர்களே. 'மெக்கன்சியின் இரும்புச் சட்டை' என்று அவர்களுக்குப் பெயர். அவ்வளவு நெருக்கம் இருந்தும் மெக்ரேக்கள் மெக்ரேக்களாகவே இருந்தார்கள். 1719-இல் ஆங்கிலேயக் கடற்படை வெடி வைத்துத் தகர்த்த அந்தக் கோட்டையை 20-ஆம் நூற்றாண்டில் மீண்டும் எழுப்பியதும் ஒரு மெக்ரேதான். நாம் படங்களில் பார்ப்பது அவர் கட்டியது.

நேர்மாறான கதை மெக்ரெகர்களுடையது. ஒரு பெரிய மோதலுக்குப் பிறகு, 1603-இல் அந்தப் பெயரையே அரசு தடை செய்தது. மெக்ரெகர் என்று சொன்னால் மரண தண்டனை. அவர்கள் கிராண்ட், மரே, டிரம்மண்ட், கேம்பல் என்று கிடைத்த பெயரைப் பூட்டிக்கொண்டார்கள். புகழ்பெற்ற ராப் ராய் மெக்ரெகரும் தாயின் பெயரான கேம்பலை வைத்துக்கொண்டார். இடையில் சில காலம் விலகித் திரும்பி வந்த அந்தத் தடை முழுதாக நீங்கியது 1774-இல். அதற்குள் பலர் புதுப் பெயரிலேயே தங்கிவிட்டார்கள்.

சுருக்கமாக: ஒருவர் மெக்கன்சி ஆனதற்குப் பிறப்பு ஒரு வழி. நிலம், பாதுகாப்பு, சட்டம் ஆகியவை மற்ற வழிகள்.

படையோடும் கப்பலோடும் போன பெயர்

1778-இல் சீஃபோர்த் பிரபு தன் நிலங்களிலிருந்து ஆள் திரட்டி ஒரு படைப்பிரிவு அமைத்தார். எடின்பரோவுக்கு வந்த வீரர்களிடையே, தங்களைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள் என்ற பேச்சு பரவியது. சம்பளப் பாக்கியும் இருந்தது. நூற்றுக்கணக்கானோர் ஆர்தர்ஸ் சீட் குன்றின்மேல் ஏறிக்கொண்டு இறங்க மறுத்தார்கள். அவர்களில் மெக்ரேக்கள் அதிகம் என்பதால் 'முரட்டு மெக்ரேக்களின் விவகாரம்' என்று அது இன்றும் பேசப்படுகிறது. பேச்சுவார்த்தைக்குப் பின் இறங்கினார்கள். ஆனால் 1781-இல் அதே படை இந்தியாவுக்குத்தான் கப்பலேறியது. வழியிலேயே பிரபு இறந்தார். ஸ்கர்வி நோய்க்கு வீரர்கள் பலர் பலியானார்கள். மிஞ்சியவர்கள் 1782-இல் சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள்.

மறு வருடம், 1783-இல் காலின் மெக்கன்சி சென்னை வந்தார். லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவே துறைமுகத்தில் பிறந்து அங்கேயே சுங்க அதிகாரியாக இருந்தவர். அந்தத் தீவு சீஃபோர்த் குடும்பத்தின் சொத்து. அவர்கள் ஆதரவு அவருக்கு இருந்தது. கம்பெனியின் பொறியாளர் படையில் சேர்ந்து, மைசூர்ப் பகுதியை அளந்து, 1815-இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனார். காவலி வெங்கட போரய்யா, அவர் தம்பி லட்சுமய்யா போன்றவர்கள் இல்லாமல் அவருடைய சேகரிப்பு நடந்திருக்காது. அதில் ஒரு பெரும்பகுதி இன்று சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளது.

கனடா ஆற்றுக்குப் பெயர் கொடுத்த அலெக்சாண்டர் மெக்கன்சியும் அதே ஸ்டோர்னோவேக்காரர். தோல் வணிகக் கம்பெனிக்காக 1789-இல் அந்த ஆற்று வழியே வட துருவக் கடல் வரை போனவர். அந்த ஆற்றுக்கு அங்குள்ள பூர்வகுடிகள் வைத்த பெயர் டேச்சோ. பிரதமர் அலெக்சாண்டர் மெக்கன்சி வேறு ஆள். பெர்த்ஷயரில் பிறந்த கல்தச்சர். டொரான்டோவின் முதல் மேயர் வில்லியம் லயன் மெக்கன்சி டண்டீக்காரர். மெக்கன்சிகளின் ஊரான லோக் புரூமிலிருந்து 1773-இல் ஹெக்டர் என்ற கப்பல் குடியேறிகளை ஏற்றிக்கொண்டு நோவா ஸ்கோஷியா போனது. பின்னால் ஆட்டுப் பண்ணைகளுக்காகக் குடியானவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றிய காலத்தில் அப்படிப்பட்ட கப்பல்கள் பெருகின. நியூசிலாந்தின் மெக்கன்சி நாட்டுக்குப் பெயர் தந்தவர் பிரபுவுமில்லை, ஆய்வாளருமில்லை. 1855-இல் ஆயிரம் திருட்டு ஆடுகளோடு பிடிபட்ட ஜேம்ஸ் மெக்கன்சி என்ற இடையர் அவர். அடுத்த வருடம் மன்னிக்கப்பட்டார்.

கரீபியன் தீவுகளுக்கு இந்தப் பெயர் போன விதம் வேதனையானது. ஓவியம் வரையச் செய்த அதே பிரான்சிஸ் மெக்கன்சி 1801 முதல் 1806 வரை பார்படோஸின் ஆளுநர். இன்றைய கயானாவின் பெர்பிஸ் பகுதியில் அவருக்குத் தோட்டங்கள் இருந்தன. உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள். அந்தப் பக்கங்களில் அடிமைகளுக்கு முதலாளியின் பெயரோ, கங்காணியின் பெயரோ, ஞானஸ்நானம் கொடுக்கும்போது எழுதிய பெயரோ ஒட்டிக்கொண்டது. வெள்ளைக்காரத் தந்தைக்குப் பிறந்த பிள்ளைகளும் இருந்தார்கள். இன்று கரீபியனில் ஸ்காட்லாந்துப் பெயர்கள் இவ்வளவு அதிகமாக இருப்பதற்கு இந்த வரலாறே முக்கியக் காரணம்.

பெண் வழியாகவும் போகும்

பிரான்சிஸ் மெக்கன்சியின் நான்கு மகன்களும் அவருக்கு முன்பே இறந்துபோனார்கள். 1815-இல் அவர் இறந்ததும் சொத்து மூத்த மகள் மேரிக்கு வந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் மேரியின் கணவர், கடற்படைத் தளபதி சாமுவேல் ஹூட், சென்னையில் காலமாகியிருந்தார். மேரி 1817-இல் ஜேம்ஸ் அலெக்சாண்டர் ஸ்டூவர்ட் என்பவரை மறுமணம் செய்தார். அவர் மனைவியின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்து ஸ்டூவர்ட்-மெக்கன்சி ஆனார். 1837 முதல் 1841 வரை இலங்கையின் ஆளுநராக இருந்தவர் இவர்தான். இலங்கை வரலாற்று நூல்களில் வரும் ஆளுநர் மெக்கன்சி, பிறப்பால் ஸ்டூவர்ட். நிலம் போன வழியில் பெயரும் போயிற்று.

மரபணு என்ன சொல்கிறது?

ஆண்களிடம் இருக்கும் ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்குப் பெரும்பாலும் மாறாமல் போகும் மரபணுத் தொகுதி. குடும்பப் பெயரும் அதே வழியில் போவதால் இரண்டையும் ஒப்பிடலாம். எல்லோரும் ஒரே மூதாதையின் ஆண்வழி என்றால் எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே வகை இருக்க வேண்டும்.

மெக்டொனால்டுகளிடம் இதைச் சோதித்தபோது, தலைவர் குடும்பங்களிடம் ஒரே வகை காணப்பட்டது. 1164-இல் இறந்த சோமர்லெட் என்ற மூதாதையிடமிருந்து வந்தது என்று அதைக் கருதுகிறார்கள். அதே பெயர் வைத்திருக்கும் சாதாரண மக்களில் ஒரு பகுதியினரிடம் மட்டுமே அது இருந்தது. மற்றவர்கள் வேறு வேறு ஆண்வழிகள். தத்தெடுப்பு, தாய்வழிப் பெயர், தலைவர் பெயரை ஏற்றது என்று மேலே பார்த்த காரணங்களை வைத்தே இதை எதிர்பார்க்கலாம். அப்புறம், இந்தச் சோதனை ஓர் ஆளின் எண்ணற்ற மூதாதையரில் ஒரே ஒரு ஆண்வழியை மட்டும் காட்டும்.

கட்டம் போட்ட துணியும் சான்றாகாது. மெக்கன்சி டார்ட்டன் என்று இன்று விற்பது சீஃபோர்த் படைப்பிரிவின் சீருடைத் துணி. குலத்துக்கு ஒரு வடிவம் என்ற ஒழுங்கு நிலைத்தது 19-ஆம் நூற்றாண்டில்தான்.

ஒரு மெக்கன்சியை அடையாளம் காண

லூயிஸ் தீவில் ஒரே கிராமத்தில் பல மெக்கன்சிகள் இருப்பதால், உள்ளூரில் குடும்பப் பெயருக்குப் பெரிதாக வேலை இல்லை. 'கோ லெஷ் ஊ?' என்று பெரியவர்கள் கேட்பார்கள். நீ யார் வீட்டுப் பிள்ளை என்று அர்த்தம். பதிலாக அப்பா, தாத்தா பெயரை வரிசையாகச் சொல்லலாம், அல்லது வீட்டுப் பட்டப்பெயரைச் சொல்லலாம். பழைய தந்தைவழி முறை அங்கே இன்னும் பேச்சில் வாழ்கிறது.

ஆவணம் தேடுபவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். பிரபுத்துவக் கிளைகளில் பெயருக்குப் பின்னால் நிலத்தின் பெயர் வரும்: கெயர்லோக் மெக்கன்சி, கூல் மெக்கன்சி என்று. சாதாரணக் குடும்பங்களுக்குத் தேவாலயப் பதிவேட்டில் பண்ணைப் பெயர் இருக்கும். ஸ்காட்லாந்தில் அரசின் பிறப்பு-இறப்புப் பதிவு 1855-இல் தொடங்கியது. அதன் ஆரம்பகாலச் சான்றுகளில் பெற்றோர் பெயர்கள் இருப்பதால் ஒரு தலைமுறை பின்னே போகலாம். சென்னையிலோ கொழும்பிலோ ஒரு பழைய கல்லறையில் மெக்கன்சி என்ற பெயரைப் பார்த்தால், பக்கத்தில் ஊர்ப் பெயர் பொறித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஊர் இல்லையென்றால் படைப்பிரிவின் பெயரோ கப்பலின் பெயரோ இருக்கிறதா என்று தேடுங்கள். அது கிடைத்தால்தான் ஸ்காட்லாந்தில் எந்தப் பதிவேட்டைத் திறப்பது என்பது தெரியும்.